பதினேழாம் இலக்க வீட்டில் மூண்டு பேர்

எங்கட ஊர் ஒரு இளம் ஊராம். சிரிக்காதேங்கோ, கடதாசியில அப்பிடித்தான் கிடக்குது. எங்கட பிரிவில இருக்கிற ஊருகளுக்குள்ள வேலை செய்யிற வயசு ஆக்கள் கூடின ஊர் எட்டாம் வாய்க்காலாம். அந்தக் கடதாசியை வீடு வீடாப் போய் எழுதின விசரி நான்தான். பேர் விமலேஸ்வரி, வயசு அறுபத்திமூண்டு, மாதர் சங்கத்தில பதினாலு வருசமாக் காரியதரிசி. மற்றப் பொம்பிளையளுக்குக் கண் தெரியாது, இல்லாட்டி முழங்கால் ஏலாது. அதாலதான் நான் இன்னும் காரியதரிசி, வேற பெருமை ஒண்டும் இல்லை.

உண்மையைச் சொல்லுறன். ஐம்பத்தெட்டு வீடு. அதுக்குள்ள இருக்கிற சனம் நூற்றிநாலு பேர். அதில எழுபத்தொரு பேர் அறுபது தாண்டின ஆக்கள். பதினைஞ்சு வயசுக்குக் கீழ ஆறு பேர், அதிலயும் மூண்டு ஒரே வீட்டில. பள்ளிக்கூடத்தைப் பூட்டி மூண்டு வருசம், இப்ப அதுக்குள்ள ஆரோ வைக்கோல் அடுக்கியிருக்கினம். ஐம்பதுக்குக் குறைஞ்ச ஆம்பிளை எண்டு ஊரில ஒரேயொருத்தன், ஓட்டோ ஓடுற பிரதாபன். கூரை ஓடு மாத்திறதெண்டாலும் அவன், கிணத்துக்குள்ள வாளி விழுந்தாலும் அவன், குசினிக்குள்ள பாம்பு வந்தாலும் அவன்தான். "நீ கலியாணம் கட்டிப்போடாதை தம்பி, பேந்து எங்களை ஆர் பாக்கிறது" எண்டு கிழவியள் அவனைப் பகிடி பண்ணுவினம். கேட்டா பகிடி மாதிரி இருக்கும்.

எனக்கு அந்தப் பிரதாபனை விட்டா வேற வழி இல்லை. என்ர மனுசன் பரமேஸ்வரனுக்கு ரெண்டு சிறுநீரகமும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் ரவுண் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய் மெசினில இரத்தத்தைச் சுத்தம் செய்து எடுக்கவேணும். இருபத்திநாலு கிலோமீற்றர். பஸ் மெயின் றோட்டாலதான் போகும், அதுக்கு மூண்டு மைல் நடக்கவேணும். அந்த மனுசனால வாசல் படலை வரைக்கும்கூட நடக்க ஏலாது. ஒருதரம் தவறினா கால் வீங்கி மூச்சு எடுக்கக் கஷ்டப்படுவார். "தொடர்ந்து தவறவிடக் கூடாதம்மா" எண்டு டொக்டர் முகத்துக்கு நேர சொன்னவர். "விட்டா என்ன ஐயா?" எண்டு கேட்டனான். அவர் அடுத்த செவ்வாய்க்குத் திகதி எழுதி என்ர கையில தந்தவர்.

போன ஐப்பசியில விதானைப் பிள்ளை சிவரூபி ஸ்கூட்டியில வந்து இறங்கினா. இப்ப கிராம அலுவலர் எண்டு சொல்லுறது, எங்களுக்கு இன்னும் விதானைதான். முப்பது வயசும் வராத பிள்ளை, மூண்டு ஊரைத் தனியாப் பாக்கிறா.

"அம்மா, ஊர் விபரம் எடுக்கவேணும். எந்த வீட்டில ஆர் இருக்கினம், என்ன வயசு எண்டு. என்னால தனிய ஏலாது. நீங்கள் எழுதித் தருவீங்களோ?"

"தாங்கோ பிள்ளை."

"வீட்டில இப்ப இருக்கிற ஆக்களை மட்டும் எழுதுங்கோ, என்ன."

அப்பிடித்தான் சொன்னவா. வடிவாச் சொன்னவா. பிழை அவவில இல்லை.

முதல் போனது நாகேஸ்வரியக்கா வீட்டுக்கு. எழுபது வயசு, வீட்டில அவாவும் ஒரு பூனையும். "எத்தினை பேரக்கா?" எண்டு கேட்டன், சும்மா ஒரு முறைக்கு. "மூண்டு" எண்டா. மகள் லண்டனில. மகன் கடைசிச் சண்டையில, முள்ளிவாய்க்காலில, சனத்துக்குள்ள கையை விட்டுப் போனவன், இண்டுவரைக்கும் ஒரு தகவலும் இல்லை.

"அக்கா, வீட்டில இருக்கிற ஆக்களை மட்டும்..."

"நீ எழுதடி. வெட்டுறதெண்டா நான் செத்தாப் பிறகு வந்து வெட்டு."

தூரத்தில இருக்கிற ஆக்களுக்கு இது விளங்காது. சண்டை முடிஞ்சு முகாமில இருந்த காலத்தில எங்களுக்கு லிஸ்ர்தான் எல்லாம். சோத்துப் பார்சலுக்கு லிஸ்ர், தண்ணிக்கு லிஸ்ர், பாக்க வாற ஆக்களுக்கு லிஸ்ர். பேர் இருந்தா ஆள் இருக்கு. பேர் இல்லாத ஆளைத் தேடிப்போனா அப்பிடி ஒரு ஆளே இல்லை எண்டுவாங்கள். அண்டையில இருந்து எங்கட சனம் ஒரு பேரையும் தன்ர வாயால வெட்டாது. அதோட காணிப் பயம் வேற. எங்கட வயல் முழுக்க அரசாங்கம் பெர்மிற்றில தந்த காணி, பிள்ளை ஊரில இல்லை எண்டு எழுதினா நாளைக்கு அது ஆரின்ர கைக்குப் போகுமோ எண்டு கிழடுகள் நடுங்கும்.

ஐம்பத்தெட்டு வீட்டிலயும் இதுதான் கதை. கனடாவில மூண்டு பிள்ளைக்குத் தகப்பன், இஞ்சை கடதாசியில விவசாயம் செய்யிறான். டென்மார்க்கில நர்ஸ் வேலை பாக்கிற பெட்டை இஞ்சை தாயோட இருக்கிறா. நான் எழுதினன். கை கூசேல்லை. உண்மையைச் சொன்னா எனக்குள்ள ஒரு சந்தோசம் இருந்தது. ஒவ்வொரு வீட்டு விறாந்தையிலயும் கதிரையைப் போட்டு இருந்து, பிள்ளையளின்ர பேரையும் வயசையும் தாய்மார் சொல்லச் சொல்ல எழுதேக்க, எல்லாரும் வயலுக்குப் போயிருக்கினம், பின்னேரம் வந்திடுவினம் எண்ட மாதிரி ஒரு எண்ணம் வந்தது. விசர்தானே.

எங்கட வீடு பதினேழாம் இலக்கம். மூத்தவன் ஜனார்த்தனன் பிரான்சில, பிள்ளை குட்டியோட இருக்கிறான், அவனை நான் எழுதேல்லை. அவன் இருக்கிற இடம் தெரியும், எழுத வேண்டிய தேவை இல்லை. இளையவன் நிரஞ்சன். ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆடியில, இருபத்திரண்டு வயசில, அவுஸ்திரேலியாவுக்கெண்டு படகில ஏறினவன். ஏற முன்னம் ஒரு கோல். "அம்மா, ஏறப்போறன். அப்பாட்டைச் சொல்லுங்கோ." அவ்வளவுதான். அந்தப் படகில போன ஒருத்தற்ற வீட்டுக்கும் பேந்து கோல் வரேல்லை.

மனுசன் சொல்லுவார், அங்கை ஏதோ ஒரு தீவில பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள், கதைக்க விடுறாங்களில்லை, ஒருநாளைக்கு விடுவாங்கள் எண்டு. பதின்மூண்டு வருசமாச் சொல்லுறார். நான் ஒண்டும் சொல்லுறேல்லை. கடல் என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியும், நான் கொக்கிளாய்க் கடற்கரையில பிறந்து வளந்தவள். ஆனா படிவத்தில வீட்டில மூண்டு பேர் எண்டு எழுதினன். நிரஞ்சன், முப்பத்தைஞ்சு, விவசாயம். மனுசன் கண்ணாடியைப் போட்டு அந்த வரியை ரெண்டு தரம் வாசிச்சார்.

மார்கழியில ஊருக்கு ஒரு லொறி வந்தது. இளம் ஊரல்லோ, இளைஞர் கழகத்துக்குச் சாமான். ஒரு வொலிபோல் வலை, நாலு பந்து, நாற்பது ஜேர்சி. கூட வந்த ஐயா நாலு பக்கமும் பாத்திட்டு, "பெடியள் எங்கை?" எண்டார். தவராசா அண்ணை, எழுபத்திநாலு வயசு, மூண்டு மகன்மாரும் கனடாவில, முகத்தில ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார், "வயலில ஐயா." அந்த மனுசனும் நம்பிப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிட்டுது. இப்ப தவராசா அண்ணை ஏழாம் நம்பர் ஜேர்சியோடதான் புல்லுப் பிடுங்குறவர். நாங்கள் அண்டைக்குச் சிரிச்ச சிரிப்பு! எனக்கு வயிறு நொந்தது.

அந்தக் கிழமையே பிரதாபன் வந்து படலையில நிண்டான். உள்ளுக்கு வரேல்லை.

"மாமி, கட்டார் விசா சரிவந்திட்டுது. தைப்பொங்கல் முடியப் பயணம்."

எனக்குப் பேய்க் கோபம். அறைய வேணும் போல இருந்தது. முப்பத்திநாலு வயசு, தன்ர வாழ்க்கையைப் பாக்கிற பெடியன், அவனில என்ன பிழை? "நல்லம் தம்பி, சந்தோசம்" எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்கு வந்தன். மனுசன் கட்டிலில இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்தவர். "இனி என்னெண்டு போறது?" எண்டு கேட்டார். "பாப்பம்" எண்டன். என்னத்தைப் பாக்கிறது.

அடுத்தநாள் சிவரூபியைக் கண்டு சொல்லி அழுதன். அவா தலையில கைவைச்சா.

"ஐயோ அம்மா! ஒரு நிறுவனம் எங்கட பிரிவில ஒரு ஊருக்கு வாகனம் தருது. வயசுபோன ஆக்களைக் கிழமைக்கு ரெண்டு நாள் ஆசுப்பத்திரிக்கு ஏத்தி இறக்க. முதியோர் கூடின ஊருக்குத்தான். உங்கட ஊர் பட்டியலிலயே இல்லை. வேற ஊர் எடுபடப் போகுது."

"எங்கட ஊரில கிழடுகளை விட்டா ஆர் பிள்ளை இருக்கினம்?"

"கடதாசியில தொண்ணூற்றெட்டுப் பேர் இளம் ஆக்களம்மா."

அவாவே யோசிச்சிட்டுச் சொன்னா, திருத்த இன்னும் பத்து நாள் இருக்கு, ஒவ்வொரு வீட்டுத் தலைவரும் கையெழுத்து வைச்சுத் தந்தா தான் மாத்தி அனுப்புறன் எண்டு. இன்னுமொண்டும் சொன்னா. உழைக்கிற வயசில ஒரு ஆள் இருக்கிற வீட்டுப் படலையில அந்த வாகனம் நிக்காது. அப்ப நிரஞ்சன்ர பேர் இருக்கும்வரை என்ர மனுசனை ஏத்த மாட்டினம்.

திருத்தப் படிவத்தில ஒரு கட்டம். அதுக்கு மேல 'நீக்கம்' எண்டு அடிச்சுக் கிடந்தது. போக வேண்டிய ஆளின்ர பேரை அதுக்குள்ள எழுதி, பக்கத்தில கையெழுத்து.

பத்து நாளும் வெயிலுக்குள்ள நடந்தன். முதல் எழுதேக்க கதிரை தந்த வீடுகளில இப்ப நிக்கவைச்சுக் கதைச்சினம். ஒருத்தி நாயை அவிட்டு விட்டாள். தவராசா அண்ணை கத்தினார், "காணியைப் பறிக்கவோ பிள்ளை வந்தனீர்?" எண்டு. "உங்களுக்கு நெஞ்சுக்குத்து வந்தா ஆர் அண்ணை தூக்கிறது? கனடாவில இருந்து வந்து தூக்குவினமோ?" எண்டு நானும் கத்தினன். ஜேர்சியோட விறாந்தைத் திண்ணையில குந்தினார். பேந்து பேனையை வாங்கி மூண்டு பேரையும் தன்ர கையாலயே எழுதினார். எழுதிப்போட்டுப் பேனையைத் திருப்பித் தராமல் வயலுக்குப் போயிட்டார்.

நாகேஸ்வரியக்காட்டைக் கடைசியாத்தான் போனன். போகப் பயம். அவா நான் வாய் திறக்க முன்னமே, "பரமேஸ்வரனுக்காண்டியோ?" எண்டா. "ஓம் அக்கா."

"உன்ர புருசனுக்கு வாகனம் வர என்ர பிள்ளையை நான் வெட்டவேணும்."

"அக்கா, இது கடதாசிதானே. சும்மா கடதாசி."

அப்பிடிச் சொன்னனான். இந்த வாயால சொன்னனான். அவா என்ர முகத்தை நல்லாப் பாத்திட்டு, "நீ கேக்கிறபடியா வைக்கிறன்" எண்டு கையெழுத்து வைச்சா. கையெழுத்து வைச்ச கையைச் சீலையில துடைச்சா, துடைச்சுக்கொண்டே இருந்தா.

ஐம்பத்தேழு வீடு முடிஞ்சுது. மிச்சம் பதினேழாம் இலக்கம்.

"இஞ்சருங்கோ, இதில ஒரு கையெழுத்து வையுங்கோ" எண்டு நீட்டினன். மனுசன் வாசிச்சார். நீக்கம் எண்டதில விரலை வைச்சுக்கொண்டு, "இது ஆரை?" எண்டார்.

"உங்களுக்குத் தெரியும்தானே."

"அவனை வெட்டிப்போட்டு எனக்கு வாகனமோ?"

"வெட்டுறதில்லையப்பா. கடதாசியில..."

"கடதாசியில இல்லாத பிள்ளை வேற எங்கை இருக்கு, சொல்லும் பாப்பம்? போட்டோவில இருக்கிறான், அலுமாரிக்குள்ள உடுப்பில இருக்கிறான். அரசாங்கம் ஏற்றுக்கொள்ளுற ஒரே இடம் இந்த வரிதான். நாளைக்கு அவன் வந்து இறங்கி, என்ர வீடு எது எண்டு கேட்டா விதானை என்ன சொல்லுவா?"

"அவன் வரமாட்டானப்பா!"

வாயால வந்திட்டுது. பதின்மூண்டு வருசமாச் சொல்லாத சொல். மனுசன் கோபிக்கேல்லை. படிவத்தை மடிச்சு என்ர கையில தந்தார். "எனக்கு வாகனம் வேண்டாம். போம்" எண்டார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டார்.

நான் குசினிக்குள்ள போய்க் கதவைச் சாத்தினன். அவர் ஏலாமல் போன நாளில இருந்து சங்கத்துக் கடதாசி, பசளைக் கடதாசி எல்லாத்திலயும் அவற்ற கையெழுத்தை நான்தான் வைக்கிறது. பழகின கை. நிரஞ்சன் எண்டு கட்டத்துக்குள்ள எழுதி, பக்கத்தில ப. பரமேஸ்வரன் எண்டு வைச்சன். மனுசன் உயிரோட இருக்கவேணும், எனக்கு வேற ஒண்டும் தெரியேல்லை. அவர் கோபிச்சாலும் பரவாயில்லை, கோபிக்க ஆள் இருக்கவேணும். என்னை ஆரும் என்னவும் சொல்லட்டும்.

வாகனம் எங்கட ஊருக்குத்தான் கிடைச்சுது. வெள்ளை வான், புதுசு. பிரதாபன் போன அடுத்த செவ்வாய் காலமை எங்கட படலையில வந்து நிண்டுது. மனுசனிட்டை நான் என்ன சொன்னனான் எண்டா, மற்ற வீட்டுக் கையெழுத்துகளே போதும், எங்கட கையெழுத்து இல்லாமலே தந்திட்டினம் எண்டு. மனுசன் நம்பினார். முகத்தில ஒரு வெளிச்சம். "பாத்தீரோ, வெட்டாமலே வந்திட்டுது" எண்டு சொல்லிச் சொல்லி ஏறினார். ரெண்டு கிழமை, நாலு தரம் போய்வந்தம். கால் வீக்கம் வத்தினது. ஒருநாள் பகலைக்கு மீன்குழம்பு கேட்டார். டொக்டர் குடுக்காதேங்கோ எண்டவர், நான் ஒரு கரண்டி குடுத்தனான்.

மூண்டாம் கிழமை செவ்வாய் வானில ஒரு பெட்டை கொப்பியோட வந்தாள். புதுசா வேலைக்கு வந்த பிள்ளை, ஏறுற ஆக்களின்ர விபரத்தைச் சரிபாக்க எண்டு. ஒவ்வொருத்தரா வாசிச்சாள். "பதினேழாம் இலக்கம். பரமேஸ்வரன், விமலேஸ்வரி. ரெண்டு பேர்."

"மூண்டு பிள்ளை" எண்டார் மனுசன்.

"இல்லை ஐயா, ரெண்டு. ஒராளை நீக்கியிருக்கு."

"பிழை பிள்ளை. மூண்டு. வடிவாப் பாரும்."

அவள் படிவப் பிரதி ஒட்டியிருந்த பக்கத்தைத் திருப்பிக் கொப்பியை அவற்ற மடியில வைச்சாள். "இதில உங்கட கையெழுத்து இருக்கே ஐயா." நான் பின் சீற்றில இருந்தனான். மனுசன் குனிஞ்சு பாத்தார். நல்லா நேரம் எடுத்துப் பாத்தார். "ஓம், என்ர கையெழுத்துத்தான்" எண்டு கொப்பியைக் குடுத்தார். திரும்பி என்னைப் பாக்கேல்லை. நாகேஸ்வரியக்கா எனக்குப் பக்கத்தில இருந்தவா, என்ர கையைப் பிடிச்சா.

அண்டைக்கு ஆசுப்பத்திரியில மெசினில ஏத்தினது. வீட்டை வந்து கட்டிலில இருந்துகொண்டு கேட்டார்.

"நீக்கம் எண்டுதான் எழுதினீரோ?"

"ஓம்."

"வேற சொல் இருக்கேல்லையோ?"

"அந்தக் கட்டத்தில அதுதான் அடிச்சிருந்தது."

வெள்ளிக்கிழமை வான் வந்து ஹோன் அடிச்சுது. மனுசன் எழும்பேல்லை. கெஞ்சினன், ஏசினன், காலில விழுந்தன், நாற்பத்தொரு வருசத்தில ஒருநாளும் விழாத காலில. வானுக்குள்ள இருந்த கிழவியள் எல்லாம் இறங்கி வந்து கேட்டினம். "நீங்கள் போங்கோ, உங்களுக்கு நேரம் போகுது" எண்டார் அவையளிட்டை. மரியாதையாத்தான் சொன்னார். செவ்வாயும் அப்பிடித்தான். கால் திரும்ப வீங்கினது, முகமும் ஊதினது. மூத்தவன் பிரான்சில இருந்து வீடியோவில வந்து அழுதான். "அப்பா, எனக்காண்டிப் போங்கோ அப்பா."

"உன்ர பேர் எங்கை இருக்கெண்டு எனக்குத் தெரியும் மோனை. நீ யோசிக்காதை" எண்டார்.

புதன்கிழமை மூச்சு வாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "இஞ்சரும். சிவரூபியின்ர கந்தோருக்குப் போய் அவன்ர பேரைச் சேத்துப்போட்டு வாரும். சேத்தா வெள்ளிக்கிழமை வாறன். சத்தியமா வாறன்."

நான் செருப்பையும் மறந்து ஓடினன். மூண்டு மைலும் நடந்து, பஸ் எடுத்து, கந்தோரில சிவரூபியைப் பிடிச்சன். மூச்சு விடாமல் சொன்னன். "பிள்ளை, வாகனம் எங்களுக்கு வேண்டாம். அவரை எப்பிடியாவது நான் கொண்டுபோறன், தவராசா அண்ணையின்ர லான்ட்மாஸ்டர் உழவு மெசினில எண்டாலும் ஏத்திக்கொண்டு போறன். அந்தப் பேரைத் திரும்பப் போடுங்கோ."

அவா கொம்பியூட்டரில தேடினா. ஒருக்கா அல்ல, ரெண்டு மூண்டு தரம் தேடினா. பக்கத்து மேசை ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினா. அவர் குனிஞ்சு பாத்திட்டுச் சொன்னார், "இது மேலிடத்துக்குப் போயிட்டுது. நீக்கின பேரை இஞ்சை இருந்து சேர்க்கேலாதம்மா. அந்த ஆள் அடையாள அட்டையோட நேரில வரவேணும். ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அஞ்சு நிமிச வேலை."

நல்ல மனுசன், சிரிச்ச முகத்தோட சொன்னார். அவருக்கு ஒண்டும் தெரியாது. சிவரூபி அழுதிட்டா. நான் அழேல்லை. "சரி ஐயா" எண்டிட்டு வெளியில வந்து பஸ்ஸுக்கு நிண்டன். வெறுங்கால் தார் றோட்டில சுட்டுது.

வரேக்க பின்னேரமாப் போச்சு. மனுசன் வாசலைப் பாத்தபடி தலகணியில சாஞ்சிருந்தார்.

"சேத்தாச்சு" எண்டன்.

"பதிஞ்சதுக்குத் துண்டு தந்தவையோ?"

"துண்டு... பிறகு அனுப்புவினமாம்."

என்ர முகத்தைப் பாத்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும், பெண் பாக்க வந்த அண்டும் அப்பிடித்தான் பாத்தவர். "நீர் பொய் எழுதத்தான் கெட்டிக்காரி விமலா. சொல்லத் தெரியாது" எண்டார். சிரிச்சவரோ, மூச்சு வாங்கினவரோ தெரியேல்லை. வெள்ளிக்கிழமை வான் வந்து ஹோன் அடிக்காமலே கொஞ்சநேரம் நிண்டு போச்சுது. சனிக்கிழமை காலமை தேத்தண்ணியோட போனன். ஆள் முடிஞ்சுது.

அதுக்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் துண்டுதுண்டாத்தான் ஞாபகம். பாடை தூக்க ஊரில ஆள் இல்லை எண்டு பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பினவை. கொள்ளி வைக்க அவற்ற தம்பியின்ர மகன் வவுனியாவில இருந்து வாறானாம். மூத்தவன் போனில எல்லாத்தையும் பாத்துக்கொண்டு இருக்கிறான், ஆரோ அந்தப் போனைக் கதிரையில சாத்தி வைச்சிருக்கினம். பொம்பிளையள் ஒப்பாரி சொல்ல நான் அவற்ற கால்மாட்டில இருந்தனான்.

பத்து மணி போல என்ர போன் அடிச்சுது. மரண அறிவித்தல் நோட்டீஸ் அடிக்கிற கடைப் பெடியன்.

"அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, இந்த நேரத்தில கேக்கிறன். நோட்டீசில பிள்ளையளின்ர பேருக்குப் பக்கத்தில இடம் போடவேணும். மூத்தவருக்குப் பிரான்ஸ் எண்டு போட்டிட்டன். இளையவருக்கு என்ன போடுறது? அவுஸ்திரேலியாவுக்குப் போனவர் எண்டு இஞ்சை சொல்லுறாங்கள். அப்பிடிப் போடவோ?"

நான் அவற்ற காலில விலகிக் கிடந்த வேட்டியை இழுத்து விட்டன்.

"இடம் ஒண்டும் போடாமல் விடலாம் அம்மா. ஆனா விட்டா, சனம் செத்தவர் எண்டு நினைக்கும். செத்தவருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடுறதம்மா. ரெண்டும் இல்லாமல் ஒரு பேர் தனிய நிண்டா வடிவில்லை."

"தம்பி, எட்டாம் வாய்க்கால் எண்டு போடும்."

"ஊரிலயோ அம்மா இருக்கிறார்? அப்ப கொள்ளி வைக்க வேற ஆள் எண்டு..."

"நீர் போடும் ராசா. நிரஞ்சன், அடைப்புக்குள்ள எட்டாம் வாய்க்கால். உங்கட கடையில ஆளைக் கூட்டிக்கொண்டு வரத் தேவையில்லைத்தானே?"

அவனுக்கு விளங்கேல்லை, பாவம். "இல்லையம்மா, நீங்கள் சொன்னாக் காணும்" எண்டான்.

"அப்ப போடும்" எண்டு போனை வைச்சன். வைச்சுப்போட்டு மனுசன்ர காதுக்குக் கிட்டக் குனிஞ்சு, "சேத்தாச்சப்பா" எண்டு சொன்னன். பொய் இல்லை, இந்தமுறை உண்மை. எனக்கு அப்பதான் அழுகை வந்தது.